குறைந்த விலை மியூசிக் பிளேயர்களில் ஒலி ஏன் மாறுகிறது? வீட்டிலேயே சோதிக்க முழுமையான வழிகாட்டி

என் மேசையில் இரண்டு பிளேயர்கள் இருக்கின்றன. ஒன்று சட்டையில் கிளிப் போட்டு மாட்டும் அளவுக்குச் சின்னது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மற்றது அதைப்போல மூன்று மடங்கு விலை, உலோக உடல், கலர் திரை. புதியதில் குரல் தெளிவாக முன்னால் வந்து நிற்கிறது என்று ஆறு மாதம் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன். ஒரு நாள் மல்டிமீட்டர் வைத்து அளந்தபோது, நான் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் பழையது 210 மில்லிவோல்ட், புதியது 250 மில்லிவோல்ட் காட்டியது. ஏறக்குறைய ஒன்றரை டெசிபல் வித்தியாசம். அதைச் சமப்படுத்தியதும் அந்தத் தெளிவு போய்விட்டது. கண்ணை மூடிப் பத்து முறை கேட்டும் எது எதுவென்று சொல்ல முடியவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் எல்லா பிளேயரும் ஒன்றுதான் என்று முடிவு கட்டியிருப்பேன். அதே வாரம் நண்பர் ஒருவர் தன் இயர்போனைக் கேட்டுப் பார்க்கக் கொடுத்தார். ஒரு காதுக்கு மூன்று குட்டி டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) உள்ள வகை. வால்யூம் சமமாக இருந்தும் இம்முறை வித்தியாசம் பத்து விநாடிக்குள் தெரிந்தது. விலை கூடிய பிளேயரில்தான் குறை: ஜால்ராவின் ஓசை மழுங்கியிருந்தது, வயலின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஆக, வித்தியாசம் நிஜம்தான். ஆனால் அதைப் பெட்டிமேல் அச்சிட்ட சிப் பெயரிலும், சிடியைவிட நுணுக்கமான ஒலி என்று சொல்லும் ஹை-ரெஸ் முத்திரையிலும் தேடினால் கிடைக்காது. வால்யூம் எவ்வளவு, பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டில் உள்ள மின்தடை) எவ்வளவு, பின்னணி இரைச்சல் எவ்வளவு, பிளேயரின் மென்பொருள் பாட்டில் கை வைக்கிறதா: குறைந்த விலை பிளேயர்களில் காதுக்கு எட்டும் வேறுபாடு பெரும்பாலும் இந்த நான்கில் அடங்கிவிடும். நான்கையும் வீட்டிலேயே சோதிக்கலாம்.

தேவையான பொருட்கள்

ஒரு மல்டிமீட்டர் வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மிக மலிவான மீட்டர்களில் ஏசி அளவு 200 வோல்ட் ரேஞ்சில்தான் தொடங்கும், இந்த வேலைக்கு அது உதவாது. ஏசியில் 2 வோல்ட் அல்லது மில்லிவோல்ட் ரேஞ்ச் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்து 33 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, கால் வாட் போதும். சென்னையில் ரிச்சி தெருவிலோ, உங்கள் ஊரில் ரேடியோ ரிப்பேர் சாமான் விற்கும் கடையிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஆரஞ்சு, ஆரஞ்சு, கறுப்பு என்று கோடு இருந்தால் 33 ஓம்.

ஒரு பக்கம் அறுந்துபோன பழைய இயர்போன் இருந்தால் அதன் பிளக்கை ஒரு சாண் வயரோடு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மைக் இல்லாத, மூன்று பிரிவு உள்ள பிளக் நல்லது. நுனி இடது காது, நடு வளையம் வலது காது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகள் சிவப்பு, பச்சை என்று நிறம் பூசியிருக்கும். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. தீக்குச்சியால் ஒரு நொடி காட்டிச் சுரண்டிய பிறகே மீட்டர் எதையாவது காட்டும். தெரியாதவர்கள் இங்கேதான் பிளேயர் செத்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். கடைசியாக, ஒரு ஜாக்கை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், கணினியில் ஒலியை உருவாக்கவும் திருத்தவும் உதவும் இலவச ஆடாசிட்டி மென்பொருள்.

படி 1: பாட்டு ஒன்றாக இருக்கட்டும், மென்பொருள் விலகி நிற்கட்டும்

இரண்டு பிளேயரிலும் ஒரே கோப்பை ஏற்றுங்கள். ஒன்றில் ஸ்ட்ரீமிங், மற்றதில் கார்டில் உள்ள பாட்டு என்று ஒப்பிட்டால் ஒப்பிடுவது பிளேயரை அல்ல. சிடியிலிருந்து நேரடியாக எடுத்த ஃபிளாக் கோப்பு (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் வகை) இருந்தால் சிறப்பு. எம்பி3 என்றால் 192 கேபிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் இருக்கட்டும். 128-இல் சுருக்கிய பாட்டில் தம்புராவின் மேல் ஓசை நீரில் அலைவதுபோல் கேட்கும்; கைதட்டலும் ஜால்ராவும் நசுங்கும். அதை மறுபடி 320 ஆக மாற்றினால் கோப்பு பெரிதாகுமே தவிர, போனது திரும்பாது. பிளேயர் மோசம் என்று வரும் புகார்களில் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

பிறகு ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், சரவுண்ட், வால்யூம் சமன் செய்யும் வசதி எல்லாவற்றையும் அணையுங்கள். ராக், பாப் என்ற தயார் அமைப்புகள் பெரும்பாலும் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றுகின்றன. ஏற்கெனவே உச்சத்தில் பதிவான பாட்டை இன்னும் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். சில நிறுவனங்கள் இந்த ஒலி விளைவுகளையே தங்கள் தனித்தன்மையாக வைத்திருந்தன. கோவான் பிளேயர்களின் பிபிஇ வசதிக்குத் தனி ரசிகர் கூட்டமே இருந்தது. பிடித்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். சோதனை முடியும்வரை மட்டும் வேண்டாம்.

படி 2: வால்யூமைச் சமப்படுத்துங்கள்

ஒன்றைவிட மற்றது கொஞ்சம் சத்தமாக இருந்தால், காது அதைச் சத்தம் என்று உணராது. நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். வால்யூம் கூடும்போது பேஸும் ட்ரெபிளும் நடுப்பகுதியைவிட வேகமாகக் காதில் எழும். மனிதக் காதின் இந்தப் போக்கை ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து வரைபடமாக்கினார்கள். கடையில் இரண்டு பிளேயரை மாற்றி மாற்றிக் கேட்டு வாங்கியவர்கள் அநேகமாகச் சத்தம் கூடியதைத்தான் வாங்கியிருப்பார்கள்.

ஆடாசிட்டியில் 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே சீரான ஒற்றை ஓசை), அலையின் உயரமான ஆம்ப்ளிட்யூட் 0.5 என்று வைத்து, இரண்டு நிமிட நீளத்துக்கு உருவாக்கி இரண்டு பிளேயரிலும் ஏற்றுங்கள். ஸ்பிளிட்டரின் ஒரு வாயில் நீங்கள் கேட்கப்போகும் இயர்போன், மறு வாயில் மீட்டர் இணைத்த பழைய பிளக். இயர்போன் காதில் இருக்க வேண்டாம், மேசைமேல் கிடக்கட்டும். முதல் பிளேயரில் வழக்கமான வால்யூம் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் அதற்கு மிக அருகிலுள்ள அளவுக்கு வாருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். மலிவு பிளேயர்களில் வால்யூம் படிகள் பெரியவை. ஒரு அழுத்தலில் இரண்டு டெசிபல் தாவிவிடலாம். 210 வேண்டும், ஆனால் 190 அல்லது 240-தான் கிடைக்கிறது என்றால், பாட்டுக் கோப்பின் ஒரு பிரதியை ஆடாசிட்டியில் தேவையான டெசிபல் குறைத்து, சத்தம் கூடிய பிளேயரில் அதை ஏற்றுங்கள். மீட்டரில் 2 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் போதும், அது 0.2 டெசிபல்கூட இல்லை. பெரும்பாலான ஒப்பீடுகள் இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

படி 3: அவுட்புட் இம்பீடன்ஸை அளவிடுங்கள்

இந்த வழிகாட்டியின் இதயம் இதுதான். பிளேயருக்குள் ஒரு ரெசிஸ்டர் ஒளிந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இயர்போனுக்குப் போகும் மின்னழுத்தம் முழுவதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்; போகிற வழியில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்கிறது. எல்லா ஓசையிலும் ஒரே பங்கைப் பிடித்தால் வால்யூம் மட்டுமே குறையும், ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் பல இயர்போன்களின் இம்பீடன்ஸ் ஓசைக்கு ஓசை மாறும். எங்கே இயர்போனின் ஓம் குறைகிறதோ அங்கே பிளேயர் அதிகம் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கேட்காத ஒரு ஈக்வலைசர் தானாக நுழைந்துவிடுகிறது.

அளக்கும் முறை எளிது. அதே 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இயர்போன் எதுவும் இல்லாமல், இடது கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். வால்யூமை முழுதாக ஏற்ற வேண்டாம். முக்கால் அளவு போதும். 0.500 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வால்யூமைத் தொடாமல், 33 ஓம் ரெசிஸ்டரை அந்த இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே பிடியுங்கள். மீட்டர் இறங்கும். முதல் அளவை இரண்டாம் அளவால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் அவுட்புட் இம்பீடன்ஸ்.

என் சின்ன பிளேயரில் 0.500 இருந்தது 0.485-க்கு இறங்கியது. கணக்குப் போட்டால் 1 ஓம். உலோக உடல் பிளேயரில் 0.500 நேராக 0.384-க்கு விழுந்தது: 10 ஓம். ஆறு மாதம் கேட்டு எனக்குத் தெரியாததை, சில ரூபாய் ரெசிஸ்டர் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டது.

அந்தப் பத்து ஓம் என்ன செய்யும்? மூன்று டிரைவர் இயர்போன்களில் பெரும்பாலும் இருப்பது பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற மிகச் சிறிய டிரைவர் வகை. அவற்றின் இம்பீடன்ஸ் ஒரு ஓசையில் 40 ஓம், இன்னொரு ஓசையில் 8 ஓம் என்று ஏறி இறங்குவது சாதாரணம். 10 ஓம் பிளேயரில் 40 ஓம் உள்ள இடத்தில் இழப்பு சுமார் 2 டெசிபல், 8 ஓம் உள்ள இடத்தில் 7. இரண்டுக்கும் நடுவே 5 டெசிபல் பள்ளம், யாருக்கும் கேட்கும். 1 ஓம் பிளேயரில் அதே பள்ளம் 0.8 டெசிபல்தான். என் நண்பரின் இயர்போனில் ஜால்ரா மழுங்கியதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பொதுவாகச் சொல்லும் விதி: இயர்போனின் ஓம், பிளேயரின் ஓமைப்போல எட்டு மடங்காவது இருக்க வேண்டும். 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்கு உட்பட்ட பிளேயர். ஆனால் சாதாரண ஒற்றை டைனமிக் டிரைவர் இயர்போன்களில் பலவற்றின் இம்பீடன்ஸ் பெரிதாக ஏறி இறங்காது. தட்டையான மெல்லிய தகடு அதிரும் பிளேனார் வகையில் கிட்டத்தட்ட நேர்கோடு. அங்கே விதி கொஞ்சம் மீறினாலும் ஒலியின் நிறம் மாறாது. எனவேதான் ஒரே பிளேயரை ஒருவர் அற்புதம் என்கிறார், இன்னொருவர் மட்டம் என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை, இயர்போன் வேறு.

படி 4: பேஸ் சரிகிறதா?

பழைய பிளேயர்களிலும் சில மலிவு மாடல்களிலும் ஒலி வெளியே போகும் வழியில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது தாழ்ந்த ஓசையைத் தடுக்கும். இயர்போனின் ஓம் குறையக் குறையத் தடை மேலே ஏறும். 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 32 ஓம் இயர்போன் என்றால் சரிவு 23 ஹெர்ட்ஸ் அருகே தொடங்கும், கவலையில்லை. அதே கெபாசிட்டரோடு 16 ஓம் இயர்போன் போட்டால் 45 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அது மெலிந்து கேட்கும்.

சோதனை: 50 ஹெர்ட்ஸ், 200 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகளை ஒரே ஆம்ப்ளிட்யூடில் உருவாக்குங்கள். இரண்டு 33 ஓம் ரெசிஸ்டர்களைப் பக்கவாட்டில் சேர்த்து முறுக்கினால் 16.5 ஓம் கிடைக்கும். அதைப் பிளக்கில் போட்டுவிட்டு இரண்டு ஒலியையும் அளவிடுங்கள். அளவு ஒன்றாக இருந்தால் நல்லது. 50-இல் கால் பங்கு குறைந்தால் கெபாசிட்டர் இருக்கிறது. அந்த பிளேயருக்கு 32 ஓமுக்குக் குறையாத இயர்போனைக் கொடுங்கள்.

படி 5: இரைச்சல்

இரவில், ஃபேனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். முழு நிசப்தக் கோப்பை ஓடவிட்டால் ஏமாந்துபோவீர்கள்: சில பிளேயர்கள் ஒலி இல்லை என்று கண்டதும் ஆம்ப்ளிஃபயரையே அணைத்துவிடும். ஆடாசிட்டியில் 0.0001 ஆம்ப்ளிட்யூடில், அதாவது மைனஸ் 80 டெசிபலில், ஒரு சைன் ஒலி உருவாக்கி அதை ஓடவிடுங்கள். ஆம்ப்ளிஃபயர் விழித்திருக்கும், ஒலி உங்களுக்குத் தொந்தரவு தராது. இப்போது வருகிற ஸ்ஸ்ஸ் சத்தம் பிளேயருடையது.

வால்யூமைக் குறைத்தாலும் அந்தச் சத்தம் குறையவில்லை என்றால் அது ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல். நுண்ணுணர்வு மிக்க இயர்போன்களில் தெளிவாகக் கேட்கும், மந்தமானவற்றில் கேட்கவே கேட்காது. திரை ஒளிரும்போது டிக் டிக் என்றோ, கார்டைப் படிக்கும்போது கொசு ரீங்காரம்போலவோ வந்தால் உள்ளே எர்த் ஓட்டம் சரியாகப் போடப்படவில்லை; அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. சார்ஜ் போட்டபடி கேட்டுவிட்டு இரைச்சல் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். அது சார்ஜரின் குற்றமாக இருக்கலாம்.

படி 6: சுருதியும் இடைவெளியும்

இதைப் பலரும் சோதிப்பதில்லை. கர்நாடக சங்கீதம் கேட்பவர்கள் விடக்கூடாது. சில மலிவு பிளேயர்களில் உள்ள கடிகாரம் சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸுக்குத் துல்லியமாகப் பொருந்தாது. பாட்டு கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். 440 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இயர்போனைச் செல்போன் மைக்கோடு ஒட்டி, கிதார் டியூனர் செயலியில் பாருங்கள். அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட். வேகம் ஒரு சதவீதம் தவறினால் 17 சென்ட் நகரும். சும்மா கேட்பவருக்குத் தெரியாது. பதிவோடு சேர்ந்து பாடிப் பழகும் மாணவிக்குச் சுருதிப்பெட்டியோடு உரசும்.

அடுத்தது இடைவெளி. ராகம், தானம், பல்லவி என்று ஒரே கச்சேரி மூன்று டிராக்காக வெட்டப்பட்டிருந்தால், நடுவில் தம்புரா அரை விநாடி அறுபடுகிறதா என்று கேளுங்கள். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் இரு முனையிலும் சிறு வெற்றிடம் சேரும். லேம் போன்ற எம்பி3 ஆக்கும் மென்பொருள்கள் அதன் நீளத்தைக் கோப்பிலேயே குறித்துவைக்கின்றன. அந்தக் குறிப்பைப் படிக்கும் பிளேயர் வெற்றிடத்தைத் தாண்டிவிடும், படிக்காதது தம்புராவை அறுக்கும். பிளேயரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய ராக்பாக்ஸ் என்ற திறந்த மென்பொருள் இதைச் சரியாகச் செய்கிறது. 2009-இல் வந்த ஸான்டிஸ்க் சன்ஸா கிளிப் பிளஸ் போன்ற பழைய பிளேயர்களை இன்றும் பலர் விடாமல் வைத்திருக்க இந்த மென்பொருள் ஒரு முக்கியக் காரணம்.

படி 7: கண்ணை மூடிக் கேளுங்கள்

வால்யூம் சமமாக்கிய இரண்டு பிளேயரையும் வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். அவர் காசு சுண்டிப் போட்டு, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றது என்று முதுகுக்குப் பின்னால் இயர்போனை மாற்றட்டும். நீங்கள் சொல்வதை அவர் எழுதிக்கொள்ளட்டும். சரியா தவறா என்று நடுவில் சொல்லக் கூடாது. பத்துக்கு ஒன்பது சரியென்றால் வித்தியாசம் உங்கள் காதுக்கு உண்மையிலேயே தெரிகிறது. ஆறு ஏழு என்றால் அது குருட்டாம்போக்கிலும் வரும். மாற்ற எடுக்கும் நேரம் சில விநாடிதான் இருக்க வேண்டும். ஒலியின் நிறத்தை நினைவு அதற்குமேல் துல்லியமாக வைத்திருக்காது. பாட்டில் பத்து விநாடிப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கேளுங்கள். தனிக்குரல் நல்லது, கடம் இன்னும் நல்லது.

வாங்கப் போகிறவர்களுக்கு

சிப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். செல்போனில் செருகி இயர்போனை மாட்டும் மலிவான டாங்கிள்களில்கூட வரும் சிஎஸ்43131 சிப்பின் டைனமிக் ரேஞ்ச் (மிகச் சத்தமான ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி) 130 டெசிபல் என்கிறது அதைச் செய்யும் நிறுவனம். சிடியின் 16 பிட்டுக்கு 96 போதும். சிப் எப்போதோ போதுமான அளவைத் தாண்டிவிட்டது. அதைச் சுற்றியுள்ள போர்டும் ஆம்ப்ளிஃபயரும்தான் மிச்சத்தைத் தீர்மானிக்கின்றன. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களுக்காகவும் கூடுதல் காசு வேண்டாம். விவரப் பட்டியலில் அவுட்புட் இம்பீடன்ஸ் என்ற வரியைத் தேடுங்கள். 2 ஓமுக்குக் கீழே எழுதியிருந்தால் வாங்கலாம். எழுதவே இல்லை என்றால் திருப்பித்தரும் வசதியோடு வாங்கி, ரெசிஸ்டர் வைத்து அளந்து பாருங்கள்.

பழைய பிளேயரை வாங்குபவர்கள் அதன் அமைப்புகளில் எந்த நாடு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கவும். ஐரோப்பாவில் காதுப் பாதுகாப்புக்காக ஈஎன் 50332 தரவிதி பிளேயரின் வெளியீட்டை 150 மில்லிவோல்ட்டுக்குள் அடக்குகிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிளேயர் சத்தம் போதவில்லை என்றால் இது காரணமாக இருக்கலாம். சன்ஸா வகையில் அமைப்புக்குள் போய் ஐரோப்பா என்பதை மற்ற நாடுகள் என்று மாற்றினால் சரியாகிவிடும். 300 ஓம் பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு 1 வோல்ட்டாவது வேண்டும். கையடக்கப் பொடி பிளேயர்கள் அதற்குத் திணறும்.

செல்போனே போதும் என்பவர்களுக்கு டைப்-சி டாங்கிள் நல்ல வழி. ஆப்பிளின் சின்ன வெள்ளை டாங்கிள் சுமார் 1 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸும், ஐரோப்பா அல்லாத மாடலில் 1 வோல்ட்டும் தருகிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் அதன் சத்தம் பாதிதான் வரும், போன் அதன் வால்யூமை முழுதாகத் திறப்பதில்லை. புளூடூத் ஹெட்போன்தான் என்றால் இத்தனை சோதனையும் தேவையில்லை. அங்கே ஒலியாக மாற்றும் சிப்பும் ஆம்ப்ளிஃபயரும் ஹெட்போனுக்குள் இருக்கின்றன. பிளேயர் அனுப்புவது எண்களை மட்டும். எந்தக் கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், அனுப்புகிறது என்று பார்த்தால் போதும்.

கையில் இருப்பது குறைந்த தொகை என்றால் முக்கால் பங்கை இயர்போனுக்கு ஒதுக்குங்கள். இரண்டு இயர்போனுக்கு நடுவே 5, 10 டெசிபல் வேறுபாடு சர்வசாதாரணம். ஒழுங்காகச் செய்த இரண்டு பிளேயருக்கு நடுவே அரை டெசிபல்கூட இராது.

உலோக உடல் பிளேயரை நான் விற்கவில்லை. அதன் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி 10 ஓம் என்று எழுதி வைத்திருக்கிறேன். 60 ஓம் டைனமிக் ஹெட்போன் ஒன்று அதோடு நிரந்தரமாக இருக்கிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் கேட்க அந்த ஜோடிதான். நண்பரிடம் அவருடைய இயர்போனைத் திருப்பிக் கொடுத்தபோது, கூடவே ஒரு 33 ஓம் ரெசிஸ்டரையும் கொடுத்தேன்.